உப்புப் பார்க்காத சோறு

இஞ்ஞாசி வாழையிலையை மூன்றாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் தெளித்து ஒரு இழுப்பு இழுத்தால் எந்த இலையும் சுத்தமாகிவிடும், ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது, இவன் மட்டும் ஏன் நரம்பு நரம்பாகத் தேய்க்கிறான் என்று பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கஸ்பார் தண்டலுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்த வேகத்திலேயே, ஏன் தேய்க்கிறான் என்று உனக்குத் தெரியாதாடா என்ற கேள்வியும் வந்தது. தெரியும். இந்தத் தூத்துக்குடியில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான், இஞ்ஞாசிக்கே கூட முழுசாகத் தெரியாது. கொழும்புக்குப் பாய்த் தோணி ஓடிய காலத்தில் கஸ்பார் தண்டலாக இருந்தவர், அதாவது தோணிக்குத் தலைவர். அவர் சொன்னால் பாய் ஏறும், அவர் சொன்னால் இறங்கும். இஞ்ஞாசி அவர் கீழே வேலை பார்த்த கடலோடி. இப்போது அவன் உப்பளத்தில் உப்பு வாருகிறான், கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துக் கிடக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அக்டோபர் பதினேழாம் தேதி, 'சந்த மரியாள்' தோணி இலங்கைக் கரையில் கற்பிட்டிப் பக்கம் பாறைத் திட்டில் ஏறி உடைந்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் கரை சேர்ந்தார்கள். தோணியில் சோறாக்குகிற பண்டாரி தொம்மை சேரவில்லை. அந்தத் தேதி வந்தால் காலையில் தொம்மை பேரில் பூசை, மத்தியானம் தொம்மை பேரில் ஒரு இலை. இஞ்ஞாசி ஒரு வருஷமும் தவறியதில்லை. தொம்மைக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. இலையில் உட்கார ஒரு ஆள் வேண்டுமே, அதற்குத்தான் வருஷா வருஷம் தண்டல். வரமாட்டேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். காலில் நீர் கோத்திருக்கிறது, வயிறு சரியில்லை, மச்சினன் வீட்டுக்குப் போகிறேன் என்று நூறு சாக்கு இருந்தது. சாக்குச் சொல்லப் போய் இவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பன்னிரண்டு வருஷமும் வந்து உட்கார்ந்தாயிற்று.

இஞ்ஞாசியின் மனைவி கித்தேரியம்மாள் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். சிவப்பாக, எண்ணெய் மிதக்க, நடுவில் சீலா மீன் துண்டு இரண்டு. முதல் இலைக்காரர் சாப்பிட்டுப் பாதி ஆகிற வரைக்கும் வீட்டில் வேறு யாரும் கை நனைக்கமாட்டார்கள். அடுப்பில் இருக்கும்போது கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கமாட்டாள். செத்தவன் பேரில் ஆக்குகிற சோற்றை அவனுக்கு முந்தி நாக்கில் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு முதல் உருண்டையை வாயில் வைத்தார். சூடு தெரிந்தது. சோறு மெத்தென்று இருப்பது தெரிந்தது, மீன் முள் பல்லில் இடறியது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மண்ணைத் தின்றாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார், நினைத்ததும் நெஞ்சில் சுருக்கென்றது, ஏனென்றால் மண்ணைத் தின்றுதான் அவர் பேர் வாங்கினார். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குகிற ஈயக்குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பிவிட்டால் கடலடி மணல் அதில் ஒட்டிக்கொண்டு வரும். மற்றத் தண்டல்கள் அதைக் கண்ணால் பார்ப்பார்கள், விரலால் நசுக்குவார்கள். கஸ்பார் நாக்கு நுனியில் வைப்பார். வைத்துக் கண்ணை மூடுவார். தோணி மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். "புன்னைக்காயலுக்கு நேரே நிக்கோம்" என்பார், விடிந்து பார்த்தால் புன்னைக்காயல் நேரே நிற்கும். முப்பத்தொரு வயசில் தண்டலானார், அத்தனை சின்ன வயசில் அதற்கு முன் அந்தத் துறையில் யாரும் ஆனதில்லை. கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன் வேடிக்கைக்காக நாலு சிரட்டையில் நாலு மணலை வைத்து, இது எது இது எது என்று கேட்க, நாலையும் சொல்லிவிட்டு, நாலாவது சிரட்டையில் ரெண்டு ஊர் மணலைக் கலந்திருக்கிறீர் என்றும் சொன்ன ஆள். அந்த நாக்கு. அந்த மணல் நாக்கு இப்போது சீலா மீன் குழம்பில் கிடந்து தடவுகிறது, குருடன் கை மாதிரி.

"எப்படி இருக்கு தண்டலய்யா?" என்று கித்தேரியம்மாள் கேட்டாள். கரண்டியும் கையுமாக நின்றாள்.

"நல்லா இருக்கு தாயே. உப்பு, புளி, காரம் எல்லாம் அளவா இருக்கு."

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்து, ஊத்து."

எத்தனை சரளமாக வருகிறது பார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். செத்துப்போன மனைவி கூட, எங்க வீட்டுக்காரர் முன்னைப்போல இல்லை, என் சமையலில் குத்தம் கண்டுபிடிப்பதையே விட்டுவிட்டார், சாதுவாகிவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டே செத்தாள். சாது. காய்ச்சல் வந்த அந்த வைகாசியை நினைத்தார். இருபத்தோரு நாள் விஷக்காய்ச்சல், தோணிகளெல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்த மாசம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது அது வெறும் வெந்நீராக இருந்தது. வாய்க்கசப்பு, போகப் போகச் சரியாகும் என்று இருந்தார். ஆனியில் ஆகவில்லை. ஆடியில் யாரும் பார்க்காத நேரம் கடற்கரைக்குப் போய் ஈர மணலை அள்ளி நக்கிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வந்த மாதிரி அழுகை எந்தப் புயலிலும் வந்ததில்லை. நல்ல சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்கள் நாக்குச் செத்துவிட்டது என்று சும்மா சொல்வார்கள், அவருக்கு நிஜமாகவே செத்துவிட்டது. மூக்கும் கூடவே போய்விட்டது. அப்போதே தோணி முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஐயா, கண் இருக்கிறது, கை இருக்கிறது, திசைகாட்டி இருக்கிறது, மணல் மட்டும் இனி எனக்குப் பேசாது என்று சொல்லியிருந்தால் அவர் என்ன தூக்கிலா போட்டிருப்பார்? மற்றத் தண்டல்கள் மாதிரி ஒரு தண்டலாக இருந்திருக்கலாம். அதுதான் முடியவில்லை. மற்றத் தண்டல்கள் மாதிரி என்ற அந்த ஒரு சொல்லை விழுங்க முடியவில்லை.

தொம்மை கண்டுபிடித்துவிட்டான். சமைக்கிறவனுக்குத் தெரியாமல் எத்தனை நாள் சாப்பிட முடியும்? ஆவணியில் தோணி இறங்கி முதல் நடை போய் வந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நடையில், கடைசி நடையில், துறையை விட்ட மறுநாள் மத்தியானம் பக்கத்தில் வந்து குந்தி, "கொழம்பு எப்படி தண்டலே?" என்றான். நல்லா இருக்குடா என்றார். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு உப்பே போடலவே. வேணும்னுதான் போடல." அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே சொல்லாதே தொம்மை, உன் காலில் விழுகிறேன் என்று கெஞ்சியதும், தண்டல் பண்டாரியிடம் கெஞ்சுகிறானே என்று அந்த நேரத்திலும் ஒரு கூச்சம் வந்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததும் எல்லாம் நேற்று நடந்தது போல நிற்கிறது. "நான் சொல்ல மாட்டேன். கொழும்பு போயித் திரும்பினதும் நீரே மொதலாளிகிட்டச் சொல்லிரும். பதினோரு உசுரு வே" என்றான் தொம்மை. நல்லவன். சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம், அப்போதே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த இலையில் அவனே வந்து உட்கார்ந்து சீலா மீனைத் தின்றுகொண்டிருப்பான்.

மறுநாள் மழை இருட்டு. பகலா அந்தியா என்று தெரியாத இருட்டு, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கற்பிட்டிப் பாருக்கு, அந்தப் பாறைத் திட்டுக்கு, வடக்கே நிற்கிறோமா தெற்கே வந்துவிட்டோமா என்பதுதான் கேள்வி. தெற்கே வந்திருந்தால் கரையைப் பார்த்துத் திருப்பலாம், வடக்கே நின்றுகொண்டு திருப்பினால் நேரே பாரில் போய் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு மணல், ஒரே பருமன். வடக்கு மணலில் மட்டும் அழுகின பாசி வாடை இருக்கும், நாக்கில் லேசாகக் கசக்கும். இஞ்ஞாசி முன்னணியத்தில், தோணியின் முன்முனையில், நின்று குண்டை இறக்கினான். ஐந்து தடவை இறக்கினான். ஒவ்வொரு தடவையும், மழையில் விரல் மரத்துப் போயிருந்தும், தலையில் கட்டியிருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை அவிழ்த்து, பழைய கொழுப்பை வழித்துத் துடைத்தான், இரண்டு தடவை துடைத்தான், புதுசு அப்பினான். கஸ்பார் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஐந்தாவது மணலை நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். தெரியலடா என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நங்கூரம் போடுங்கடா, விடிகிறவரை கிடப்போம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்வதை விட அது எத்தனையோ சுலபம், மானமும் போகாது. ஆனால் தொம்மை அடுப்படியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறான் என்பதனாலேயே, உனக்கென்னடா தெரியும் என்று காட்டுவதற்காகவே, கண்ணைத் திறந்து கம்பீரமாகச் சொன்னார்: "சுத்த மணல். பார் தாண்டியாச்சு. கெழக்கே திருப்பு." அந்தக் குரலை அவரால் இப்போதும் கேட்க முடிகிறது. எவ்வளவு நல்ல குரல். தோணி பாரில் ஏறி முதுகு முறிந்தபோது தொம்மை அடுப்போடு சேர்ந்து அந்தப் பக்கம் சரிந்தான். ஒரு கை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அப்போது, அந்தக் கை மறைந்த அந்த நொடியில், மனசுக்குள் ஏதோ ஒரு மூலையில், இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதி வந்தது. ஐயோ. அதை அவர் நினைக்கக் கூடாது என்று இருந்தார், இன்றைக்கு நினைக்காமல் இந்தச் சோற்றைத் தின்று முடித்துவிடலாம் என்று இருந்தார். வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறது. வரத்தான் செய்தது. நிம்மதி வந்தது. அவர் தொம்மையைத் தள்ளவில்லை, தேடிக் கடலில் குதிக்கக் கூடச் செய்தார், எல்லாரும் பார்த்தார்கள். அந்த நிம்மதியை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மீனைப் பிய்த்தார். வாயில் வைத்தார். மெல்லாமல் இருந்தார். முதலாளி வீட்டு முற்றத்தில் பத்துப் பேரும் ஈர நாய்கள் மாதிரி நின்றதும், என்ன ஆச்சு கஸ்பார், உன் நாக்கு எப்படிப் பிசகியது என்று முதலாளி கேட்டதும், அவர் வாய் திறந்ததும் கண்முன் வந்தன. யோசித்துப் பேசினாரா? யோசிக்கவே இல்லை, அதுதான் கேவலம், தயாராக எங்கேயோ இருந்தது மாதிரி வந்து விழுந்தது. "என் நாக்கு பிசகலய்யா. இஞ்ஞாசி பழைய கொழுப்பத் தொடைக்காம குண்டப் போட்டுட்டான். காலையில எடுத்த மணலைத்தான் எனக்குக் காட்டியிருக்கான்." இஞ்ஞாசி இல்லை என்று கத்துவான், அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தார். அவன் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தான். நான் துடைக்கலியா என்று அவரையே கேட்டான். துடைக்கலடா என்றார். மழையிலும் குளிரிலும் ஐந்து தடவை செய்த காரியத்தில் எது நினைவிருக்கும்? அத்தனை பெரிய நாக்குப் பொய் சொல்லுமா? அழுதான். போலீஸில் கொடுக்கவேண்டும் என்றார்கள். அப்போது கஸ்பார்தான், அதே கஸ்பார்தான், பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடுங்கள் ஐயா, கை தவறுவது யாருக்கும் வரும் என்று பரிந்து பேசினார். ஊர் அவரைக் கொண்டாடியது. இஞ்ஞாசி காலில் விழுந்தான். அன்றையிலிருந்து அவனைத் துறையில் யாரும் தோணியில் ஏற்றவில்லை, கொழுப்பன் என்று பட்டப்பேர் வைத்தார்கள், உப்பளத்துக்குப் போனான். அன்றையிலிருந்து எதைத் தொட்டாலும் மூன்று தடவை துடைக்கிறான். தட்டை, தம்ளரை, உட்காருகிற பலகையை. அவர் பிறகும் ஏழு வருஷம் தண்டலாக இருந்தார். வானம் தெளிந்தால் மட்டும் திருப்பினார், மூட்டமாக இருந்தால் நங்கூரம் போட்டுக் கிடந்தார், பட்டபின் வந்த நிதானம் என்று அதற்கும் பாராட்டினார்கள். தோணிகளில் இன்ஜின் வைக்க ஆரம்பித்த வருஷம் அவரை மேடையேற்றி, சந்தன மாலை போட்டு, வெள்ளியில் ஒரு சின்னத் தோணி கொடுத்தார்கள். அது வீட்டு அலமாரியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷம் தவறாமல் போகிறார். பொய் சொன்னேன் சாமி என்பார். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு என்பார்கள், சொல்வார். பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தாறு.

இலையில் பாதி ஆகிவிட்டது. இஞ்ஞாசி எதிரே தனக்கொரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான். ஒரு தடவை துடைத்தான். கித்தேரியம்மாள், இனிமேல் பார்க்கலாம் என்று, கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"அய்யோ மாதாவே!" கரண்டி கீழே விழுந்தது. "உப்புப் போடலியே! பூசைக்கு நேரமாச்சுன்னு பறந்ததுல ஒரு கல்லு உப்புப் போடலியே! தண்டலய்யா, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

கஸ்பாருக்குக் காது அடைத்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. அவள் அழப்போகிற முகத்தோடு சிரித்தாள். "என் மனசு நோகக் கூடாதுன்னு முகங்கோணாமத் தின்னுருக்காரு பாருங்க. ரெண்டாவதும் ஊத்தச் சொன்னாரே!"

"அதான் தண்டலய்யா," என்றான் இஞ்ஞாசி. "அன்னைக்கு என்னையும் அப்படித்தான் காப்பாத்துனாரு. உப்ப எடுத்துட்டு வா."

தப்பித்தாயிற்று. மறுபடியும் தப்பித்தாயிற்று, வழக்கம்போல, மாலை மரியாதையோடு. ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தால் போதும், பரவாயில்லை தாயே என்று ஒரு வார்த்தை போதும், அடுத்த அக்டோபர் வரை கவலையில்லை. சிரிக்க உதட்டைக் கூட விரித்துவிட்டார். கித்தேரியம்மாள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள், இஞ்ஞாசி கையால் வாரிய உப்பு, கல் கல்லாக, வெளேரென்று. அவளும் தொம்மை மாதிரிதான் உப்பில்லாமல் போட்டிருக்கிறாள், அவன் வேண்டுமென்று போட்டான், இவள் மறந்து போட்டாள், இரண்டுக்கும் அவர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். நல்லா இருக்கு. அவருக்குத் தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. கையை ஜாடிக்குள் விட்டார். ஒரு பிடி அள்ளிக் குழம்புச் சோற்றில் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். கல் நொறுங்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முகத்தைச் சுளிக்கவில்லை, சுளிக்க ஒன்றும் இல்லை. இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

"தண்டலய்யா, என்ன செய்தீய! வாய் வெந்துரும்!" என்றாள் கித்தேரியம்மாள்.

இரண்டாவது உருண்டையையும் மென்று விழுங்கினார். தொண்டை எரிந்தது. இஞ்ஞாசியை நிமிர்ந்து பார்த்தார். அவன் இலையில் வைத்த துணியோடு அப்படியே இருந்தான். பன்னிரண்டு வருஷம் உப்போடு கிடப்பவன். ஒரு பிடி உப்பு ஒரு மனுஷன் முகத்தை என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எப்பருந்து?" என்றான்.

"அந்த வருசம் வைகாசி. காய்ச்சலுக்கப்பறம்."

"தோணி ஒடைஞ்ச வருசமா?"

"ஆமா."

"அப்ப அந்த மணலு?"

"எனக்கு ஒண்ணுந் தெரியல இஞ்ஞாசி. தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன். தொம்மைக்குத் தெரியும், என் நாக்கு செத்தது அவனுக்கு மட்டும் தெரியும்."

கித்தேரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். இஞ்ஞாசி, முதலாளி வீட்டு முற்றத்தில் கேட்ட அதே குரலில், அதே திகைப்போடு கேட்டான்.

"நான் தொடச்சனா?"

"தொடச்ச. அஞ்சு தடவையும் தொடச்ச. தலையில கெட்டியிருந்த செவப்புக் கட்டம் போட்ட துண்டால. நான் பாத்தேன்."

வீட்டுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். கஸ்பார் காத்திருந்தார். அடிப்பான் என்று நினைத்தார், அடித்தால் நல்லது, முகத்தைக் கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். இஞ்ஞாசி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னாலிருந்த இலையைப் பார்த்தான்.

"எந்திரியும்," என்றான். "அது தொம்மைக்குப் போட்ட எலை."

கஸ்பார் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். கை கழுவத் தண்ணீர் யாரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. குழம்பும் உப்பும் காய்ந்த கையோடு வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். உள்ளே இஞ்ஞாசியின் குரல் கேட்டது.

"கித்தேரி, எனக்குச் சோத்தப் போடு."

"எலைய இன்னுந் தொடைக்கலிய, ஒருக்காதான தொடச்சிய."

"போதும் போடு. ஒருக்காத் தொடச்சாப் போதும்."